அண்ணன் சொல்லாததை நான் சொன்னேன்

சமாதானம் என்ற சொல்லை யாராவது மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினால் இப்போதெல்லாம் எனக்குக் கொதி வருகிறது. முன்பு அப்படி இல்லை. அந்தச் சொல்லை வைத்தே பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள் நான். அதனால்தான் கொதி இன்னும் கூட.

நாவற்குடாவில் இருக்கிறேன். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு மொழிபெயர்ப்புக்குக் கூப்பிடத் தொடங்கினார்கள். யுத்தம் முடிந்த பிறகு மட்டக்களப்புக்கு வந்து குவிந்த கூட்டங்கள் கொஞ்சமா? நல்லிணக்கக் கூட்டம், கலந்துரையாடல், பயிற்சிப்பட்டறை, அதற்குப் பிறகு அந்தப் பட்டறையை மதிப்பிட இன்னொரு பட்டறை. எல்லாவற்றுக்கும் மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும். டீச்சரைக் கூப்பிடுங்கள், டீச்சர் தடங்கலில்லாமல் பேசுவா என்பார்கள். அது உண்மை. எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் சிறுவயதிலேயே சொல்லிவிட்டார்கள். அதை ஒரு தொழிலாக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

சென்ற வருடம் பாசிக்குடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் சர்வதேச மாநாடு ஒன்று நடந்தது. மூன்று நாள். சமாதான ஆய்வும் முரண்பாட்டுத் தீர்வும் என்று முகப்பில் மூன்று மொழியிலும் பதாகை கட்டியிருந்தார்கள். பல நாடுகளில் இருந்து அறிஞர்கள் வந்தார்கள். கண்டறியாத மாநாடு. இப்போது இப்படி ஏளனமாகச் சொல்கிறேன். அப்போது, என்னை மொழிபெயர்ப்பாளராகப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் புதுச் சேலை எடுக்கப் போனவளும் நான்தான்.

மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்னர் அதை நடத்தும் பேராசிரியர் மட்டக்களப்புக்கு வந்தார். வெளிநாட்டுக்காரர், அறுபது வயதிருக்கும், மரியாதையான மனிதர். அதைச் சொல்லத்தான் வேண்டும். எடுப்பும் திமிருமான ஆளாக இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இவர் தேநீரை எனக்கு முதலில் ஊற்றித் தந்துவிட்டு, நான் பேசும்போது கண்ணை எடுக்காமல் கேட்டார். வகுப்பில் முப்பது வருடம் பேசியும் அப்படி ஒரு பிள்ளை நான் சொல்வதைக் கேட்டதில்லை. இந்த மண்ணில், எந்த அமைப்பும் சொல்லிக் கொடுக்காமல், மக்கள் தாங்களாகவே காப்பாற்றிய சமாதானம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

"எண்ட சொந்த அண்ணன்கிட்டயே இருக்கு" என்று ஆங்கிலத்தில் பெருமையடித்தேன்.

என் அண்ணன் ஆற்று மீன்காரர். மட்டக்களப்பு வாவி என்பது புத்தகத்தில்தான். நாங்கள் ஆறு என்றுதான் சொல்வது. ஆரையம்பதிக்கு மேற்கே, ஆற்றின் நடுவில் கொஞ்சம் ஆழமான ஓர் இடம் இருக்கிறது. கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டி உப்புத்தண்ணீர் ஏறினால் இறாலும் கொடுவா மீனும் அங்கேதான் வந்து நிற்கும். அந்த இடத்தில் இரண்டு பேர் கம்பு நட்டு வலை கட்டுவார்கள். ஒருவர் அண்ணன். மற்றவர் பக்கத்து முஸ்லிம் ஊர்க்காரர். எங்கள் பகுதியில் முஸ்லிம்களின் அண்ணன்மாரைக் காக்கா என்போம். நான் அவரைக் காக்கா என்றே கூப்பிட்டு வளர்ந்தவள். அண்ணனும் அவரும் ஒருவரையொருவர் மச்சான் என்பார்கள்.

வலையை நேரத்துக்குத் தூக்காவிட்டால் நண்டு மீனைக் கடித்துத் துண்டாக்கிவிடும். ஆனால் வெள்ளி மத்தியானம் காக்கா ஜும்மாவுக்குப் போக வேண்டும். ஞாயிறு காலை அண்ணன் பூசைக்குப் போக வேண்டும். நாங்கள் கத்தோலிக்கர், அண்ணன் ஞாயிறு பூசையைத் தவறவிட்டதை நான் கண்டதில்லை. அதனால் வெள்ளிக்கிழமை காக்காவின் வலையை அண்ணன் தூக்குவார். மீனைக் கழற்றி, காக்காவின் ஓலைப்பையில் போட்டு, அவருடைய கம்பிலேயே கட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் வலைக்குக் காக்கா அதைச் செய்வார். எப்போது தொடங்கியது, யார் முதலில் கேட்டது என்று இருவருக்கும் ஞாபகம் இல்லை. பேசி முடிவெடுத்த காரியமே இல்லை அது.

பேராசிரியர் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அதைக் கண்டதும் எனக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

ஆற்றில் முதலை இருக்கிறது. முதலையைக் கண்டவன் அந்த இடத்துக் கம்பில் கண்டல் மரக் கொப்பு ஒன்றை முறித்துக் கட்டிவிட்டுப் போவான். பின்னால் வருகிறவன் அதைப் பார்த்தால் தண்ணீரில் இறங்க மாட்டான். இது ஆற்றில் வலை கட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். யுத்த காலத்தில், இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட ஒரு வருடத்தில், மற்ற ஊர்க்காரனோடு பேசக் கண்டால் சுடுவோம் என்று துவக்குக்காரர் கட்டளை போட்டிருந்தார்கள். அந்த வருடம் அண்ணனும் காக்காவும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரே நேரத்தில் ஆற்றில் நிற்கவும் இல்லை. ஆனாலும் வெள்ளியும் ஞாயிறும் வலை தூக்கப்பட்டது, மீன் கம்பில் தொங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை அண்ணனின் காதில் ஒரு சேதி விழுந்தது. வரும் வாரம், படுவான்கரை வயல்களுக்கு அறுவடைக்கு வரும் முஸ்லிம் ஆட்களை எங்கள் பக்கத் துவக்குக்காரர் மறிக்கப் போகிறார்கள் என்பது சேதி. படுவான்கரை என்பது ஆற்றுக்கு மேற்கே, எங்கள் எல்லோருடைய வயலும் கிடக்கும் பக்கம். காக்காவுக்கும் அங்கே ஒரு வயல்வட்டையில் இரண்டு ஏக்கர் இருந்தது. அண்ணன் காக்காவின் கம்பில் ஒரு கொப்புக்குப் பதிலாக மூன்று கொப்பு கட்டிவிட்டு வந்தார். மூன்று முதலை ஒரு கம்படியில் நிற்காது. காக்காவுக்கு விளங்கிவிட்டது. அந்தக் கிழமை அவர் வயலுக்குப் போகவில்லை, உயிர் தப்பினார்.

இதை அண்ணன் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார், ஒரு நத்தார்ப் பண்டிகை அன்று, ஆட்கள் எல்லாம் போன பிறகு. சொல்லிவிட்டு, "இதக் கொண்டுபோய் ஆரிட்டயும் சொல்லிப்போடாத புள்ள" என்றார். பல வருடம் நான் சொல்லவில்லை. அந்த மனிதர் தேநீர் ஊற்றித் தந்ததும் சொன்னேன்.

பேராசிரியரின் கண் கலங்கியது. நடிப்பு என்று சொல்ல மாட்டேன். இருவரையும் மாநாட்டுக்கு அழைத்து வர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? ஒருவரையும் கேட்கவில்லை.

அண்ணன் முதலில் மறுத்தார். "எனக்கு அங்க என்ன அலுவல்? நான் என்ன படிச்ச மனுசனா?" என்றார். நான் விடவில்லை. உலகத்துக்கு நீங்கள்தான் பாடம் எடுக்க வேண்டும், படித்தவர்கள் எல்லாம் உங்களிடம் படிக்க வருகிறார்கள் என்று பெரிய கதையெல்லாம் கதைத்தேன். அண்ணன் காக்காவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்துக் காக்காவே என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"தங்கச்சி, வலையப் பத்திக் கதைக்கிறதெண்டா வாறன். மத்தது வேணாம்" என்றார்.

"ஓம் காக்கா, வலை மட்டும்தான்" என்றேன்.

"மத்தது வேணாம், என்ன?" என்று இன்னொரு தடவை சொன்னார். நான் சத்தியம் பண்ணாத குறை. அடக்கமான மனிதர், தன்னைக் காப்பாற்றிய கதையை மேடையில் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். ஏன் வேண்டாம் காக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன? கேள்வி கேட்கத் தெரியாதவளா நான்? எனக்குக் கதை அழகாக இருந்தது. அழகான கதையைக் கிண்டிப் பார்க்க மனம் வரவில்லை.

பேராசிரியரிடம் அந்தக் கொப்புக் கதையைக் கேட்க வேண்டாம் என்று சொன்னேன். சரி, சரி, நிச்சயமாக என்றார்.

மாநாட்டின் இரண்டாம் நாள் வேன் வந்து எங்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு போனது. காக்கா வெள்ளைச் சட்டையும் புதுச் சாரமும் கட்டியிருந்தார். அண்ணன் கல்யாண வீட்டுக்குப் போடும் காற்சட்டை போட்டிருந்தார். வழி முழுக்க இருவரும் இறால் கதைதான். ஹோட்டல் வாசலில் எல்லோருக்கும் கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். வந்தவர்களின் அட்டையில் கலாநிதி, பேராசிரியர் என்று பட்டமும் பெயரும் நாடும் இருந்தன. இவர்கள் இருவரின் அட்டையிலும் சமூகப் பிரதிநிதி என்று மட்டும் இருந்தது. இரண்டும் ஒரே அட்டை. காக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மச்சான், இதுல உன்ட அட்டை எது, எண்ட அட்டை எது?" என்று கேட்டார். அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒருங்கிணைப்பாளரிடம் போய்க் கேட்கவும் இல்லை.

ஹோட்டல் புல்தரையில் ஒரு தோணியை இழுத்து வைத்து அதற்குள் பூச்சாடிகள் அடுக்கியிருந்தார்கள். அதற்கு முன்னால் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். கை கொடுக்கச் சொன்னார்கள். ஐம்பது வருடம் பழகியவர்கள் ஒருவருக்கொருவர் கை கொடுத்ததே இல்லை; எந்தக் கையை நீட்டுவது என்று தடுமாறினார்கள். இன்னும் கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கள் என்று படம் எடுத்தவர் என்னிடம் சொன்னார். நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

பிறகு ஒரு படிவம். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். என்னம்மா இது என்று அண்ணன் கேட்டார். நேரம் போய்க்கொண்டிருந்தது. "படம் எடுக்கிறதுக்குச் சம்மதம் எண்டு கேக்கிறாங்க, கையெழுத்த வையுங்க" என்றேன். வைத்தார்கள். அதில் ஒளிபரப்பு, பிரசுரம், எந்த வடிவத்திலும், எந்த நாட்டிலும், எக்காலத்துக்கும் என்றெல்லாம் இருந்தது. நான் வாசித்தேன், சொல்லவில்லை. வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை பத்தியைச் சுருக்கியிருந்தால் சைபர் போட்டிருப்பேன்.

சமூகத்தின் குரல் என்று பெயர் வைத்த அந்த அமர்வுக்கு இருபது நிமிடம். தேநீருக்கும் குழுப்படத்துக்கும் நடுவில். முன்னால் அறிஞர்கள், பின்வரிசையில் பல்கலைக்கழகப் பிள்ளைகள், ஓரத்தில் ஒரு கமரா. குளிர்சாதனக் காற்றில் காக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் பத்து நிமிடம் நல்லாய்ப் போனது. வலை கட்டுவது, நண்டு கடிப்பது, வெள்ளி, ஞாயிறு. அண்ணன் நகைச்சுவையாகக் கூடச் சொன்னார்: "இவன்ட வலையில எண்டா பெரிய மீன் படும். எண்ட வலையில நண்டுதான். அதுக்கு மட்டும் சமாதானம் வரல்ல." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது பேராசிரியர் மைக்கை எடுத்தார். யுத்த காலத்திலும், உங்கள் இரு சமூகங்களும் ஒன்றையொன்று கொன்ற காலத்திலும் இது தொடர்ந்ததா? அந்த நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல முடியுமா? இப்படிக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன். அண்ணன் மேசையைப் பார்த்தார். "அதெல்லாம் பழைய கதை. வலை தூக்கினம், அவ்வளவுதான்" என்றார்.

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். பேராசிரியர் மறுபடியும், மிக மென்மையாக, அந்தக் கொப்பு, என்றார். மண்டபமே காத்திருந்தது. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. காக்கா என் பக்கம் திரும்பித் தலையை மெல்ல ஆட்டினார். வேண்டாம் என்றுதான் ஆட்டினார். கூச்சம், இன்னமும் அதே கூச்சம் என்று நான் நினைத்தேன். ஊமை மாதிரி இருக்கிறார்களே, இவ்வளவு பெரிய சபையில் மானம் போகிறதே என்று பதறினேன். மைக்கை என் பக்கம் இழுத்து, நானே சொன்னேன். மூன்று கொப்பையும் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டு, பின்வரிசைப் பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும் என்று தமிழிலும் சொன்னேன். யாரும் கேட்காமல்.

எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். பேராசிரியர் திரையில் இரண்டு வட்டமும் நடுவே ஓர் அம்புக்குறியும் போட்டு, இது உள்ளூர் முன்னெச்சரிக்கைப் பொறிமுறைக்கு அருமையான உதாரணம் என்றார். முன்னெச்சரிக்கைப் பொறிமுறை! அந்த மண்ணாங்கட்டிச் சொல்லையும் நான்தான் தமிழாக்கி இருவருக்கும் சொன்னேன். காக்கா என்னைப் பார்க்கவில்லை.

நூறு பேருக்கு மேல் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். யுத்தத்தையும் சமாதானத்தையும் ஆய்வு செய்து தலை நரைத்தவர்கள். அந்தக் கிழமை வயலுக்குப் போன மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று ஒருவர், ஒரே ஒருவர், கேட்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன? நான் இந்த ஊரில் பிறந்தவள். நானும் கேட்கவில்லை.

அதே வேனில் திரும்பினோம். நான் இரண்டு மூன்று தடவை வாயைக் கொடுத்துப் பார்த்தேன். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காக்கா இறங்கும் சந்தி வந்தபோது அவர் கதவைப் பிடித்தபடி நின்று சொன்னார்.

"தங்கச்சி, எங்கட பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அந்த வட்டையிலதான் வயல். ஒரே உழவு மெசின்லதான் நாங்க போறது. அந்தக் கிழமை நான் காய்ச்சல் எண்டு படுத்திட்டன். அவன் தனியப் போனான்."

நான் ஆசனத்தில் முன்னுக்கு நகர்ந்தேன்.

"அவனுக்குச் சொன்னா, உனக்கு ஆரு சொன்னது எண்டு கேப்பாங்க. கேட்டா உங்கட அண்ணன முடிச்சிருப்பாங்க. அல்லாவுக்குத் தெரியும், நான் ரெண்டு நாள் சோறு தின்னல்ல. அவண்ட பொஞ்சாதி இன்னும் எங்கட மதிலுக்கு அங்கால தான் இரிக்கிறா" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

அண்ணன் அப்போதும் என்னைத் திட்டவில்லை. "ஒருத்தரும் பாக்க மாட்டாங்க, இங்கிலீசுக் கூட்டம்தானே" என்றார். எனக்கு ஆறுதல் சொன்னார்! நான் தமிழில் சொன்னதை மறந்துபோய்ச் சொன்னாரா, மறக்காமல் சொன்னாரா என்று தெரியவில்லை.

பார்த்தார்கள். மாநாட்டை முகநூலில் நேரடியாக ஒளிபரப்பியிருந்தார்கள். என் தமிழ்ப் பகுதியை மட்டும் யாரோ வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். நான் நல்ல தெளிவாகப் பேசியிருந்தேன். எழுத்துக்கு எழுத்து விளங்கியது. ஒரு கிழமைக்குள் இரண்டு ஊர்களிலும் எல்லாத் தொலைபேசியிலும் என் முகம். எங்கள் பக்கத்தில், அப்படியென்றால் அந்த நாளில் சேதி சொன்னது நீதானா என்று அண்ணனைச் சந்தியில் மறித்துக் கேட்டார்கள். துவக்கு வைத்திருந்தவர்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம். அவர்களுடைய சொந்தக்காரர் போகவில்லை. காட்டிக்கொடுத்தவன் என்ற சொல் அண்ணனின் வேலியில் எழுதப்பட்டிருந்தது. அண்ணன் அதற்கு மேல் சுண்ணாம்பு பூசிவிட்டு ஆற்றுக்குப் போனார்.

காக்காவுக்கு நடந்தது அதைவிட மோசம். அவரை யாரும் மறிக்கவில்லை, ஏசவில்லை. அந்த அயல்வீட்டுப் பெண் மட்டும் வந்தா. பேரப்பிள்ளை தொலைபேசியில் காட்டியிருக்கிறான். வந்து முற்றத்தில் நின்று கேட்டதை அண்ணன் எனக்குச் சொன்னார். அண்ணனுக்குக் காக்கா சொன்னது. அதுதான் அவர்கள் இருவரும் கடைசியாகப் பேசியதும்.

"காய்ச்சல் எண்டு படுத்த ஆளுக்கு நான்தானே காக்கா கஞ்சி காய்ச்சித் தந்த?" என்று கேட்டாவாம்.

வேறு ஒன்றும் கேட்கவில்லையாம்.  அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு, கொல்லப்பட்ட அவ கணவனின் ஜனாசாத் தொழுகையில் முன்வரிசையில் நின்ற மனிதர் காக்கா. இத்தனை வருடமும் அந்த வீட்டுக் கூரையைச் செய்தது, பெண்பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் காக்காதான் என்று அண்ணன் சொன்னார். எதற்காக என்று அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இப்போது எல்லோருக்கும் தெரியும். செய்ததெல்லாம் பாவத்துக்குச் செய்ததாகிவிட்டது.

இதையெல்லாம் எழுதுகிறாயே, இதுவும் அதே பிழைதானே என்று கேட்பீர்கள். கேளுங்கள். இரண்டு ஊருக்கும் தெரிந்த கதையில் இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒளிந்திருப்பது அதில் என் பங்கு மட்டும்தான். மொழிபெயர்ப்பாளர் என்றால் யாருக்கும் கண்ணில் படாது. மற்றவர்கள் பேசியதாகத்தான் எல்லாம் பதிவாகும். அந்த மாநாட்டு அறிக்கையில்கூட, சமூகப் பிரதிநிதிகள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டனர் என்று அச்சாகியிருக்கிறது. பகிர்ந்துகொண்டனராம்! அந்தக் கதைக்கு இருவரும் வாயைத் திறக்கவில்லை. பகிர்ந்தவள் நான்.

நான்கு மாதம் கழித்துப் பேராசிரியரிடம் இருந்து மின்னஞ்சல் வந்தது. அடுத்த மாநாடு வேறொரு நாட்டில். அதற்கு அவர்கள் செய்த சின்னத்தை இணைத்திருந்தார். ஒரு கம்பு, அதில் மூன்று பச்சைக் கொப்பு.  அறுவானே என்று வாய்விட்டுக் கத்தி ஏசிவிட்டேன்; முன்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அன்றே உட்கார்ந்து பதில் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஆங்கிலம் எழுதியதில்லை. அயல்வீட்டுக்காரர் தனியாகப் போனதையும், அந்தப் பெண் வந்து கேட்டதையும், காக்கா அதற்குப் பிறகு ஆற்றுக்கே வராததையும் எழுதினேன். கேட்க வேண்டாம் என்று நான் சொன்ன பிறகும் நீங்கள் ஏன் கேட்டீர்கள் என்று எழுதினேன். அந்த ஒளிப்பதிவை எடுத்துவிடுங்கள், சின்னத்தைக் கிழித்துப் போடுங்கள் என்று எழுதினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது. ஆழ்ந்த வருத்தம் தெரிவித்திருந்தார். ஒளிப்பதிவை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தார். எடுத்துத்தான் இருந்தார்கள், ஊரார் வெட்டி வைத்திருந்ததை யார் எடுப்பது? அதற்குக் கீழே இன்னொரு பத்தி. இந்தச் சிக்கலான பரிமாணத்தை எங்களோடு பகிர்ந்துகொண்டதற்கு நன்றி. சமாதானத்தின் விலை என்ற புதிய அமர்வுக்கு இது மிகவும் பொருத்தமாக இருக்கும். அந்த விதவைப் பெண்மணி வந்து பேச விரும்புவாரா? நீங்கள் அவருக்கு மொழிபெயர்க்க முடியுமா?

கணினியை அப்படியே மூடினேன்.  அந்த மனிதர் கெட்டவர் என்றால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும். நல்ல மனத்தோடுதான் கேட்கிறார். அவரிடம் நான் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு அமர்வு இருக்கிறது. என் ஆத்திரத்தைக் கூட, இதோ, எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிலும் ஓர் அமர்வு எடுத்துக்கொண்டார். ஏன் எழுதினேன்? அந்தப் பெண்ணைப் பற்றி அவருக்கு யார் சொன்னது? மறுபடியும் நான்தானே.

அந்த ஞாயிறு அண்ணனைக் கோவிலில் காணவில்லை. மாதக்கணக்காகக் காணவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்; வெட்கத்தில் நானே அதுவரை கோவிலுக்குப் போயிருக்கவில்லை. பூசை முடிந்ததும் ஆற்றங்கரைக்குப் போனேன். அண்ணன் தோணியைக் கரையில் ஏற்றிவிட்டு, வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை வலை தூக்க ஆள் இல்லை. அவரேதான் தூக்க வேண்டும். காக்கா தோணியையும் வலையையும் மருமகனிடம் கொடுத்துவிட்டாராம். மருமகன் வேறு இடத்தில் கட்டுகிறானாம். அந்த ஆழமான இடத்தில் இப்போது அண்ணனின் கம்பு மட்டும்தான். மீன் முழுக்க உங்களுக்குத்தானே என்று சந்தியில் யாரோ கேலி செய்ததாகச் சொன்னார்.

 பிறகு, "அண்ணன், நான் காக்காட வீட்ட போகப் போறன். அவர்ட கையப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கப் போறன். அந்தப் பொம்பிளைட காலிலயும் விழுறன்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அண்ணன் நண்டின் காலை முறிக்காமல் மெதுவாகக் கழற்றி வாளியில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

"நீ போகாத தங்கச்சி" என்றார்.

"ஏன்? ஏசினா ஏசட்டும். வாங்கிக்கொள்ளுறன்."

"அவன் ஏச மாட்டான். உன்ன உள்ள கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி தருவான். மனசுல உள்ளதச் சொல்லுவான்." அண்ணன் வலையை அடுத்த பக்கம் புரட்டினார். "போய்ட்டு வந்தா, அவன் என்ன சொன்னான் எண்டு உனக்கு ஆரிட்டயாவது சொல்ல வேணும் போல இரிக்கும்."

கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்கும் திருப்பிச் சொல்ல ஏதாவது வாயில் வந்திருக்கும். அவர் கோபப்படவில்லை.